காளானுக்கு எதிராக நான் வாதாடிய நாள்

சென்ற வாரம் மகள் உலர்ந்த காளான் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்து வெந்நீரில் ஊறப் போட்டாள். சமையலறையிலிருந்து முதல் மழைக்குப் பிந்தைய மண்வாசனை எழுந்தது. நாளிதழை மடித்து வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நீங்கள் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.

எழுபதுகளின் இறுதி. தூத்துக்குடியில், கப்பல்களுக்கு உணவுப்பொருள் கொடுக்கும் ஒரு கடையில் நான் எழுத்தர். கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் தோல்வி அறியாதவன். எதிரணியில் ஆள் இல்லாவிட்டால் நிலைக்கண்ணாடியோடு வாதாடியவன். எந்தப் பொருளுக்கும் மூன்று காரணங்கள் என்னிடம் ஆயத்தமாக இருந்தன. அறிவு இருந்ததா என்பது வேறு தலைப்பு.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காலை, போலந்துக் கப்பலொன்றின் சமையற்காரர் வலக்கையில் கட்டுடன் கடைக்கு வந்தார். கடல் கொந்தளிப்பில் விழுந்து மணிக்கட்டு முறிந்திருந்தது. அன்று மாலை வானில் முதல் விண்மீன் தெரிந்ததும் அவர்கள் உண்ண வேண்டிய பண்டம் பியரோகி: மாவை வட்டமாக வெட்டி, பூரணம் வைத்து, பிறைபோல் மடித்து, கொதிநீரில் வேகவிட்டு, வெங்காயம் வதக்கிய வெண்ணெயில் புரட்டுவது. ஒற்றைக் கையால் மடிக்க இயலாது. நாங்கள் செய்து தர வேண்டும். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும், இறைச்சி, கோடையில் காட்டுப்பழம் என்று அதற்குப் பூரணங்கள் பல உண்டென்பதும், அது கிழக்கேயிருந்து வந்ததா, தங்களுடையதேயா என்று அவர்களுக்குள்ளேயே வழக்கு உண்டென்பதும் நான் பின்னாளில் படித்தவை. அன்றே படித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

புளிக்கவைத்த முட்டைக்கோஸ் ஒரு சாடி, துணிப்பை ஒன்று, இரண்டையும் கொடுத்தார். பையைத் தொட்டு, தமக்குத் தெரிந்த நான்கைந்து ஆங்கிலச் சொற்களில், "அம்மா... காடு... உலர்த்தியது" என்றார். பிறகு விரலை ஆட்டி, "இன்று இறைச்சி இல்லை" என்றார்.

கடற்கரைத் தெருவில் சோமாசி மடிப்பதில் பெயர்பெற்ற செலஸ்தீன் அக்காவிடம் கொண்டுபோனேன். பையை அவிழ்த்தோம். பழுப்பாக, தோல்போலச் சுருங்கிய துண்டுகள். இறைச்சியைக் கண்ணால்கூடச் சரியாகப் பார்த்திராத ஸ்ரீவைகுண்டத்து வைணவ வீட்டுப் பிள்ளைக்குத் தீர்ப்பு உடனே பிறந்தது: இது உப்புக்கண்டம். காட்டில் வேட்டையாடியதை அம்மா உலர்த்தியிருக்கிறாள். இன்று விரதம் என்பதை மறந்து மகன் கொடுத்துவிட்டார்.

அக்கா ஒரு துண்டை முகர்ந்தாள். "கறி இல்ல தம்பி. மண்ணு வாசம்லா அடிக்கி."

நிறம், தோற்றம், கொடுத்தவரின் வாய்மொழி என்று மூன்று சான்றுகளை அடுக்கினேன்.

"கறி திங்காத ஐயரு எனக்குக் கறி வாசம் சொல்லித் தாரியளாக்கும்?"

ஐயரல்லன், ஐயங்கார் என்று திருத்தினேன். எதற்கும் ஓர் எட்டுப் போய்க் கப்பலில் கேட்டுவிட்டு வரும்படி சொன்னாள். கேட்பதையே தோல்வியாகக் கருதிய வயது. அவர்கள் தெருவிலும் அன்று ஒருசந்தி, இறைச்சி விலக்கும் நாள். அதையே பிடித்துக்கொண்டேன்: ஒரு கப்பல் மக்களின் நோன்பை முறித்த பழி உங்களுக்கு வேண்டுமா? அவள் அடங்கினாள். "பாவம் வந்தா உம்ம தலையில." நானே போய்ப் பையைக் கடலில் உதறினேன்.

முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் வைத்து இருநூறு பிறைகள் மடிந்தன. மாலையில், முதலாளி அண்ணாச்சியுடன் வேனில் துறைமுகத்துக்குப் போகையில் தற்செயலாக மூக்கைத் தேய்த்தேன். விரலில் மண்வாசனை. பொழுது இன்னும் இருந்தது. வண்டியைத் திருப்பச் சொல்லி, எறிந்த இடத்தில் ஏதும் கரையொதுங்கியிருக்கிறதா என்றாவது பார்த்திருக்கலாம். சொன்னால் அக்காவிடம் தோற்றவனாவேன். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

கப்பலின் உணவறையில் மேசைமேல் வெள்ளை விரிப்பு. மாலுமிகள் வெளியே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமையற்காரர் இடக்கையால் ஒன்றைப் பிளந்தார். இன்னொன்று. மூன்றாவது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, காலையில் நினைவுக்கு வராத ஆங்கிலச் சொல்லைத் தேடிப் பிடித்து, "மஷ்ரூம்?" என்றார். பாடப்புத்தகத்தில் குடைபோன்ற படமாக மட்டுமே நான் கண்டிருந்த சொல்.

அண்ணாச்சி என் காதோரம் சொன்னார்: "அவிச்ச பொம்பள களவாண்டுட்டாளாம்னு சொல்லும். இல்லன்னா இந்தக் கப்பல் கையவிட்டுப் போயிரும்."

சொல்லியிருந்தால் எல்லாரும் நம்பியிருப்பார்கள். அக்காவுக்கு அதன்பின் எந்தக் கப்பல் வேலையும் வந்திராது. எனக்கு மூன்று காரணங்கள் வரவில்லை; ஒன்றுகூட வரவில்லை. "நான்தான் கடலில் எறிந்தேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. பை இருக்கிறதா என்று சைகையால் கேட்டார். உதறியபின் என் சட்டைப்பையில் திணித்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். வெறும் பையை முகர்ந்து, மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

விண்மீன் தெரிந்தது. அனைவரும் அமர்ந்தார்கள். ஒரு நாற்காலி மட்டும் காலி. அதன்முன் தட்டும் கரண்டியும் இருந்தன. அவர் அதை எனக்குக் காட்டினார். மேசையில் மீன்; என் ஆசாரமும் வெட்கமும் கூட்டுச் சேர்ந்து மறுத்தன. வராத எவனோ ஒரு மாலுமியின் இடம் என்றே நினைத்தேன். அழையாமல் வருபவருக்கென்று அந்த மாலையில் அவர்கள் ஒரு தட்டு வைப்பார்கள் என்பதை இருபது ஆண்டுகள் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தேன்.

தை பிறக்குமுன் என் வேலை போயிற்று. அக்காவுக்கு வேலை நிலைத்தது. இப்போது அவள் வீடு இருந்த இடத்தில் சாலை ஓடுகிறது. கப்பல்கள் சரக்குப் பெட்டிகளை இறக்கிவிட்டு ஒரே நாளில் திரும்பிவிடுகின்றன. மாலுமிகள் தரையில் கால்வைப்பதே அரிது. வேகவைத்த பண்டத்தோடு கடை எழுத்தர் ஒருவர் ஏணியில் ஏறுவதற்கு எந்த வாயிலிலும் அனுமதி கிடையாது. அந்தக் கப்பலையும் எங்கோ உடைத்து இரும்பாக்கியிருப்பார்கள். உட்கார எனக்கு இப்போது சம்மதம்தான், நாற்காலி இல்லை.