நடுக்கதவில் போட்ட பூனை வழி

மனுஷனுக்குக் கதவு செய்தால் சரியாகச் சாத்துகிறதா என்று பார்ப்பான். பூனைக்குச் செய்தால் அது சுலபமாகத் திறக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும்.

முதலில் எனக்குக் கெடுதல் செய்தவன் என் தம்பி கோதண்டம். அவன் மகள் கல்யாணப் பத்திரிகையில் அவன் மச்சான் பெயர்கூட இருந்தது, பெரியப்பனான என் பெயர் இல்லை. ஏன் என்று கேட்டேன். அதற்குப் பதிலாக, பருத்திப்பட்டில் எங்கள் வீட்டின் இரண்டு பாகத்துக்கும் நடுவில் இருந்த கதவை அவன் பக்கத்திலிருந்து ஆணி அடித்து மூடினான். ஆறு வருஷமாகப் பேச்சில்லை. முதலில் பேச வேண்டியவன் அவன். கூடப்பிறந்தவனோடு ஒரே பட்டறையில் மரம் அறுத்தவர்களுக்கு இது புரியும்.

அளவு

காட்டுப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் புருஷன் பெண்டாட்டி. பால்கனிக் கதவில் பூனைக்கு வழி கேட்டார்கள். பூனையின் வயிறு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பார்த்துத்தான் ஓட்டையைக் குறிக்க வேண்டும். டேப்பைப் பார்த்ததும் அது அலமாரி மேல் ஏறிவிட்டது. கண்ணளவில் அறுத்தேன்.

வேலை முடிந்தும் பூனை அந்தப் பக்கமே திரும்பவில்லை. வழி காட்டுகிறேன் என்று அந்தப் பெண் மண்டிபோட்டுத் தலையை விட்டார். கொண்டை சிக்கிக்கொண்டது. நான் அவசரமாகச் சட்டத்தைக் கழற்ற, புருஷன் பூனையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "பொறுமையா பண்ணுங்கண்ணா, இப்பதான் வீடு அமைதியா இருக்கு."

வராத நாய்

அண்ணனூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு அம்மா. தனியாள், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. பின்கதவில் நாய்க்கு வழி வேண்டும் என்றார். அளவெடுக்க நாயைக் கூப்பிடச் சொன்னேன். அது காணாமல் போய் இரண்டு மாதம் ஆகிறதாம். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்துக் காட்டினார். அங்கேதான் முதுகை உரசிக்கொண்டு நிற்குமாம்.

வராத நாய்க்காக நல்ல கதவை ஏன் கெடுக்க வேண்டும் என்று கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "நான் டூட்டிக்குப் போயிருக்க சொல்லோ வந்துச்சுன்னா? கதவு சாத்திக் கீதுன்னா, நான் வேணாம்னுட்டேன்னு நெனச்சுக்கும் அண்ணாத்தே."

சொந்த வேலை

மறுநாளே எங்கள் நடுக்கதவின் அடியில், என் பக்கத்திலிருந்து ஓட்டை போட்டேன். தம்பிக்காக இல்லை. எங்கள் பூனை இரண்டு பாகத்திலும் தின்று வளர்ந்தது. வயதாகி, இப்போது மதில் ஏற முடியவில்லை. கால் தூக்கக்கூடச் சிரமப்படுகிறதே என்று தரையோடு ஒட்டி அறுத்துப் பலகையைத் தொங்கவிட்டேன். தம்பி அவன் பாகத்தில் டைல்ஸ் போட்டுத் தரையை உயர்த்தியதை மறந்துவிட்டேன். பலகை அந்தப் பக்கம் போகாமல் டைல்ஸில் இடித்து நின்றது.

இதற்கும் ஆணி அடிப்பான் என்று காத்திருந்தேன். காலையில் கேட்டது உப்புத்தாள் தேய்க்கும் சத்தம். பலகையின் அடியை அறுத்து விளிம்பைத் தேய்த்திருந்தான், என் கைக்கு வராத நேர்த்தியோடு. பூனை உள்ளே போனது. நான் தரையில் உட்கார்ந்து கதவில் காதை வைத்தேன். அவன் பூனையிடம் பேசினான். "இன்னா, பெரியப்பன் ஊட்ல மீனு ஆக்கலியா? அவுருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

அன்றைக்கு நான் போய் மீன் வாங்கி வந்தது உண்மைதான், ஆனால் பூனையிடம் கேட்டது என்னிடம் கேட்டதாகாது. அந்த முதல் பேச்சு அவன் எனக்குத் தர வேண்டிய பாக்கியாகவே நிற்கிறது.