வாத்துப் பட்டிக்கு வெளியே இருபது நிமிடம்

கடந்த மாசியில், சம்பா அறுவடை முடியும் தறுவாயில், தஞ்சாவூரிலிருந்து திருப்பனந்தாள் பக்கத்தில் ஒரு வாத்துப் பட்டிக்குச் சென்று வந்தேன். கோயில் பார்க்கும் பயணமன்று. இன்ஃப்ளூயன்சா ஆய்வில் இறங்கும் இளைஞர்களுக்குக் களப்பயிற்சி அளிப்பது என் வேலை. இதே வேலையாக டெல்டாவுக்கு மாணவர்களை அழைத்துவர எண்ணும் வழிகாட்டிகளுக்காக எழுதுகிறேன். எரிச்சலோடுதான் எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அறுத்த வயலில் சிந்திய நெல்லைத் தின்ன வாத்துக் கூட்டங்கள் ஊர் ஊராக வந்து தங்கும். அவற்றிடம் சுற்றும் வைரஸ் எப்படி மாறுகிறது என்று தொடர்ந்து பார்த்தால்தான், நாளைய தடுப்பூசி எதை எதிர்க்க வேண்டும் என யோசிக்க முடியும். என் மாணவி கயல்விழி மூன்று வாரங்களுக்கு முன் தனியாக இங்கு வந்து, முப்பது வாத்துகளின் காலில் வளையமிட்டு மாதிரி எடுத்திருந்தாள். அதே வாத்துகளிடம் இரண்டாம் முறையும் எடுக்க வேண்டும். அவற்றில் குறைந்தது இருபத்துநான்கு வாத்துகளாவது கிடைக்காவிட்டால் ஒப்பீடு இல்லை. அவளுடைய ஓராண்டு உழைப்பு வீண். மறுநாள் அந்தக் கூட்டம் கொள்ளிடம் தாண்டிப் போகிறது. ஆக, எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு காலை.

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் நாற்பது கிலோமீட்டர். அங்கிருந்து திருப்பனந்தாள் பதினெட்டு. வாடகைக் கார், காத்திருப்பு உட்பட, ₹2,800. நான்கு மணிக்கு வரச் சொன்ன கார் நான்கு இருபத்தைந்துக்கு வந்தது.

"நாலு மணின்னா எல்லாரும் நாலரைக்குத்தான் வருவாங்க சார். நான் அஞ்சு நிமிசம் முன்னாடியே வந்துட்டேன்" என்றார் ஓட்டுநர் முருகேசன்.

"நான் நாலு மணின்னா நாலு மணிதான்."

"பள்ளிக்கூட வாத்தியாரா சார்?"

பின்னிருக்கையில் கயல்விழி இருமினாள். அது இருமல் அன்று.

கும்பகோணம் தாண்டியதும் சாலையின் பாதியை நெற்குவியலும், மேலே போர்த்திய தார்ப்பாயும், தார்ப்பாய் பறக்காமல் வைத்த கருங்கற்களும் பிடித்திருந்தன. பொதுச்சாலை நெற்களமன்று என எந்தச் சட்டத்தில் எழுதியிருந்தாலும் மாசி மாதத்தில் அது இங்கே செல்லாது போலும். ஐந்து ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அறுத்த வயலில் வலை கட்டிய பட்டி. உள்ளே நானூறு வாத்துகள் இருக்கும். கூட்டத்துக்குச் சொந்தக்காரர்களான அஞ்சலையும் அவர் கணவரும் வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைப் பாதுகாப்பு உடை, முகக்கவசம், கையுறை ஆகியவற்றை இருவரும் அணிந்தோம். அணிந்ததும் தாமதமின்றி நுழைக என்பது எங்கள் களக் கையேட்டின் விதி. அந்தக் கையேட்டை எழுதியவன் நான்.

"சார், முட்டை எடுக்குற வரைக்கும் பொறுங்க. போன தடவை நான்..." என்றாள் கயல்விழி.

"ஏற்கெனவே தாமதம்" என்று சொல்லி வலையைத் தூக்கி நுழைந்தேன்.

நானூறு வாத்துகளும் ஒரே மூச்சில் எதிர்ப்பக்கம் பாய்ந்தன. வலை சாய்ந்தது. முட்டைகள் மிதிபட்டு நொறுங்கின. வளையமிட்டவை, இடாதவை எல்லாம் ஒன்றாக வாய்க்காலில் குதித்தன.

"என்னா சார் இது!" அஞ்சலை எழுந்துவிட்டார். "விடியறப்பதான் முட்டை விடும். அந்த நேரம் பாத்து வெள்ளையா பூதம் மாதிரி உள்ள போய் நின்னா? பயந்துச்சுன்னா நாலு நாளைக்கு முட்டையே கெடைக்காது. பாப்பா, யாரு இவரு? உனக்குக் கீழ வேல பாக்குறவரா?"

"எனக்குச் சொல்லிக் குடுக்குறவரு அக்கா."

"நல்லா குடுத்தாரு! கெளம்புங்க. இனி ஒரு வாத்தத் தொட விடமாட்டேன்."

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முதல் பயணத்தின் களக்குறிப்பில் கயல்விழி ஒரு வரி எழுதியிருந்தாள்: 'உடை அணிந்து பட்டிக்கு வெளியே இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தேன், முட்டை எடுத்தபின் நுழைந்தேன்.' அதைச் சிவப்பு மையால் அடித்து, 'ஆய்வுக்குத் தொடர்பற்றது' என்று பக்கத்தில் எழுதியவனும் நான்தான்.

"தப்பு என் மேலதாம்மா. அவ சொன்னா, நான் கேக்கல. அவள மட்டும் விடுங்க. நான் தள்ளி நிக்கிறேன்."

அஞ்சலை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தள்ளியெல்லாம் நிக்க வேணாம். கார்ல போயி உக்காருங்க. கதவ சாத்திக்கிட்டு."

உடையை முறைப்படி கழற்றிப் பையிலிட்டுக் கட்டி, கைகளைக் கழுவிக் காருக்குப் போனேன்.

"வெளிய அனுப்பிட்டாங்களா சார்?" என்றார் முருகேசன். "அப்ப பள்ளிக்கூடந்தான்."

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அஞ்சலையின் கணவர் "பா, பா, பா" என்று குரல் கொடுக்க, வாத்துகள் கும்பல் கும்பலாகக் கரையேறின. வெள்ளை உடையில் கயல்விழி வலையோரம் குறுகி உட்கார்ந்திருந்தாள். முதலில் விலகி ஓடியவை, பிறகு அவளை ஒரு நெல்மூட்டையாகவே எண்ணிவிட்டன. மிஞ்சிய முட்டைகளை அஞ்சலை எடுத்து முடித்துத் தலையசைத்த பிறகே அவள் உள்ளே போனாள். முகக்கவசமும் கையுறையும் அணிந்த கணவர் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தார். ஒன்பது பத்துக்கு அவள் காருக்கு வந்தாள்.

"இருபத்தாறு, சார். மீதி நாலும் வாய்க்காலவிட்டு ஏறல. உங்கள இன்னும் மறக்கல போல."

போக விரும்புவோர் கவனிக்க: வாத்துக் கூட்டம் அறுவடை இயந்திரத்தின் பின்னாலேயே நகரும், முதல்நாள் மாலை தொலைபேசியில் கேட்காமல் கிளம்பாதீர்கள். ஐந்தரைக்குள் சென்று, பட்டிக்காரர் சொல்லும்வரை வெளியே காத்திருங்கள். பாதுகாப்பு உடையில் சமரசம் வேண்டாம். நடையில் மட்டும் அவசரம் வேண்டாம். திரும்பும்போது சாலையில் நெல்லைப் பரப்பியிருப்பார்கள், அரைமணி கூடுதலாகும். மாதிரிகளை வைக்கும் குளிர்பெட்டிக்கு உபரி ஐஸ் கட்டிகள் அவசியம். மாணவர்களின் களக்குறிப்பை, பேனாவை மூடி வைத்துவிட்டு ஒருமுறை படியுங்கள்.

கும்பகோணத்தில் காப்பிக்கு நிறுத்தியபோது அவளுடைய குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினேன். அடித்த வரியின் அருகே 'அடித்தது செல்லாது. கையேட்டில் சேர்க்க' என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.

அவள் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள். "தேதி போடல, சார்."

போட்டேன்.