பேசாமல் போட்ட மார்க்

பக்கத்து நாற்காலிக்காரர் என்ன மார்க் போடுகிறார் என்று எட்டிப் பார்க்கவே கூடாது, ஆனால் அவர் போட்ட மார்க்கைத்தான் நாமும் போட்டிருக்க வேண்டும். நான் பார்த்த வேலை அதுதான். விடைத்தாள் கட்டோடு மல்லுக்கட்டியவர்களுக்கும், தேர்வு ஹாலில் கால் கடுக்க நின்றவர்களுக்கும் சொன்னால் புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தனியார் பள்ளியில் இருபது வருடம் தமிழ் நடத்தினேன். அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா போன பிறகு சின்னமனூர் வீட்டில் நான் மட்டும். அந்தச் சமயத்தில் பிள்ளைகளின் பேச்சுத் திறனைச் சோதிக்கிற ஒரு நிறுவனம் தேனி மாவட்டத்துக்கு ஆள் எடுத்தது. சம்பளத்துக்காகச் சேர்ந்தேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். நாலு பேர் பேசுகிற சத்தம் கேட்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்பதுதான் உண்மையான காரணம்.

நடுவில் பிள்ளை, இரு பக்கமும் நாங்கள்

நாலாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒரு படத்தைக் காட்டுவோம். அதைப் பற்றிப் பிள்ளை இரண்டு நிமிடம் பேச வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டு பேர் உட்கார்ந்து பத்துக்கு மார்க் போடுவோம். ஒருத்தர் மட்டும் போட்டால், காலையில் வீட்டில் யாரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தார் என்பதும் மார்க்கில் சேர்ந்துவிடும். இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு ஒத்துப்போனால் அதை நம்பலாம். போட்ட கையோடு தாளைக் கவரில் வைத்து ஒட்டிவிட வேண்டும். அப்புறம் மாற்றக் கூடாது. மார்க்கைப் பற்றி இருவரும் வாயைத் திறக்கவும் கூடாது.

எனக்கு வாய்த்த ஜோடி உத்தமபாளையம் ரஹ்மத் டீச்சர். ஐம்பதைத் தாண்டியவர், யோசிக்கும்போது பேனா மூடியைக் கடிப்பார். மூன்று வருடத்தில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் சட்டம் என்றால் சட்டம் என்று நிற்கிறவள். மார்க்கைப் பற்றிப் பேசக் கூடாது என்றால், எதைப் பற்றியும் பேசாமல் இருந்துவிட்டால் வம்பில்லை என்று வைத்துக்கொண்டேன். ஒரு பள்ளியில் நாங்கள் ஆளுக்கொரு மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டதைத் தலைமை ஆசிரியர் பார்த்துவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒங்களுக்குள்ள என்ன பிரச்சினைன்னு நான் கேக்க மாட்டேன் டீச்சர். வேணும்னா பேசிச் சேத்து வைக்கிறேன்."

கேட்டதையே கேட்பது

சோதனை நம்பகமானதா என்று பார்க்க இன்னொரு வழி உண்டு. இரண்டு வாரம் கழித்து அதே பள்ளிக்குப் போய், அதே பிள்ளைகளிடம் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். பதில் பெரிதாக மாறக் கூடாது. பொட்டிப்புரத்தில் ஒரு பையனிடம், ஆடு, மாடு, கோழி, பேருந்து, இதில் சேராதது எது என்று கேட்டிருந்தோம். முதல் தடவை டக்கென்று பேருந்து என்றான். இரண்டாம் தடவை என் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, கோழி என்றான்.

பதில் ஏன் மாறியது என்று விசாரிப்பது எங்கள் வேலை இல்லை. ஆனாலும் வாசலில் வைத்துக் கேட்டுவிட்டேன். என்னிடம் யாரும் எதையும் இரண்டாம் தடவை கேட்பதில்லை. அவன் சொன்னதைக் கேட்டபோது, சாப்பிட்டாயா என்று ஒருவர் இரண்டு தடவை கேட்டால் நானும் பதிலை மாற்றித்தான் சொல்வேன் என்று தோன்றியது. "பஸ்ஸுன்னு நான்தான் சொல்லிட்டேன்ல டீச்சர். திரும்பவும் கேக்குறீகளே, அப்ப நீங்க என்னய நம்பலன்னுதான அர்த்தம்?"

ஆறு வாங்கிய பிள்ளை

ஜெயமங்கலத்தில் பெற்றோர் கூட்டம். வகுப்புச் சராசரி ஆறு என்று நான் படித்தேன். வாழைத் தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்த ஒரு தகப்பனார், அந்த ஆறு வாங்கிய பிள்ளையைக் காட்டுங்கள் என்றார். தாளைப் புரட்டினேன். பாதிப் பேர் மூன்று, மீதிப் பேர் ஒன்பது. ஆறு வாங்கியவர் ஒருவர்கூட இல்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்தது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில் எனக்காக வருத்தப்படுகிறவர்போலக் கேட்டார்: "அப்ப இல்லாத பிள்ளைக்கா டீச்சர் இம்புட்டுத் தூரம் வந்து மார்க் போட்டிருக்கீக?"

காலி இடம்

பள்ளி விட்டுத் திரும்பும்போது இருவருக்கும் ஒரே பஸ். ரஹ்மத் டீச்சர் முதலில் ஏறி, ஜன்னலோரம் நகர்ந்து, பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்திருப்பார். நான் ஏறியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். நான் பார்க்காததுபோல டிரைவர் பக்கமாகப் போய்விடுவேன்.

அகங்காரம் என்று நினைத்திருப்பார். பயம்தான். அப்பா போனதிலிருந்து பேசாமல் சேர்ந்துபோன பேச்சு எனக்குள் நிறையக் கிடந்தது. ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று எனக்கே தெரியும். அதில் ஒரு மார்க் வாய் தவறி வந்துவிட்டால் என்ன செய்வது? இப்படியே இரண்டு வருடம் ஓடிய பிறகு, ஒருநாள் பஸ் கூட்டத்துக்கு நடுவே அவர் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். "ஒட்டி உக்காந்தா மார்க்கு ஒட்டிக்கிருமா டீச்சர்?"

இரண்டு பேரும் சேர்ந்து செய்த தப்பு

பயிற்சியில் எங்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்று நம்பகம், இன்னொன்று ஏற்புடைமை. நான் அதை பஸ்ஸை வைத்துப் புரிந்துகொண்டேன். பத்தே கால் பஸ் எங்கள் நிறுத்தத்துக்கு என்றைக்கும் பத்தே முக்காலுக்குத்தான் வரும். ஒருநாளும் மாறாது, அதனால் நம்பகம் உண்டு. ஆனால் பலகையில் எழுதியிருக்கிற நேரத்தை நம்பிக் கிளம்பினால் வெயிலில் நிற்க வேண்டியதுதான், அதனால் ஏற்புடைமை இல்லை.

கோம்பைப் பக்கம் ஒரு கிராமத்தில் யாழினி என்று ஒரு பிள்ளை. படத்தில் ஒரு வீடு, அடுப்படியில் அம்மா, வாசலில் அப்பா. இந்த வீட்டில் என்ன நடக்கிறது, சொல் என்றோம். இரண்டு நிமிடமும் வாய் திறக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு எங்கள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தது. பூஜ்யம் போட்டுக் கவரை ஒட்டினேன். பூஜ்யம் வாங்கிய பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் பள்ளிக்குப் போகும். பட்டியலில் வந்தால் தனி பெஞ்சில் உட்கார வைத்து, அ, ஆ-விலிருந்து ஆரம்பிப்பார்கள். கூடப் படிக்கிற பிள்ளைகள் அந்த பெஞ்சுக்கு வைக்கிற பெயரை நான் இங்கே எழுத மாட்டேன்.

சாயந்திரம் பஸ் நிறுத்தத்தில் அதே பிள்ளை எங்கள் பக்கத்தில் வந்து நின்று, கேட்காமலே பேச ஆரம்பித்தது. அம்மாவும் அப்பாவும் விடியுமுன்னே ஜீப்பில் மலை மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். வருகிறவரைக்கும் வீட்டில் அது மட்டும்தான். சோற்றை வைத்து, வடித்து, கோழியை அடைத்து, கதவைத் தாழ்போட்டு உட்கார்ந்து, பல்லிக்கு ஒரு பெயர் வைத்து அதனிடம் வீட்டுப்பாடம் ஒப்பிக்கிற வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தது. காலையில் ஏன் பேசவில்லை என்று கேட்டேன். எழுதிக்கொண்டு போக வருகிற யாரிடமும் வீட்டில் தனியாக இருக்கிற கதையைச் சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாராம்.

"அது ஒங்க வீட்டுக் கத இல்லத்தா, படத்துல இருக்கவுக கத" என்றார் ரஹ்மத் டீச்சர். பிள்ளை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "அத அப்பவே சொல்லிருந்தா பேசிருப்பேன்ல."

சந்தேகம்

அடுத்த மாதம் தேனி அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் முப்பது வயது இளைஞர். மரியாதையானவர், கணக்கில் புலி. மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். ஒரு வரிசையில் என் மார்க், இன்னொரு வரிசையில் ரஹ்மத் டீச்சர் மார்க். இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கு ஓர் எண் உண்டு, ஒன்றைத் தொட்டால் முழு ஒற்றுமை. எங்கள் எண் ஒன்றை இடித்துக்கொண்டு நின்றது. மற்ற ஜோடிகள் எல்லாரும் எங்களுக்கு வெகு கீழே. கோம்பைப் பள்ளித் தாளில் யாழினி பெயருக்கு நேரே இரண்டு பூஜ்யங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

பாராட்டப் போகிறார் என்று நினைத்துப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். மனுஷங்க இவ்வளவு ஒத்துப்போக மாட்டாங்க, பேசி வச்சுத்தான போட்டீங்க என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக என்னைத் திருட்டுத்தனம் செய்தவள் என்று ஒருவர் சொல்கிறார், அதுவும் பேசியதற்காக. ரஹ்மத் டீச்சர் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார். "பேசிருந்தா இம்புட்டு ஒத்துப் போயிருக்காது தம்பி."

தனித்தனி அறை

விசாரிக்கச் சென்னையிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். நிறுவனத்தில் புள்ளியியல் பார்க்கிறவர், தலை முழுக்க நரை. எங்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்தார். எனக்கு நிலைமையை நேராகவே சொன்னார். பேசி வைத்துப் போட்டிருந்தால் அந்தச் சுற்று முழுக்க ரத்து, அத்தனை பள்ளிகளிலும் வேறு ஆட்களை வைத்து மறுபடி சோதிப்பார்கள், எனக்கு வேலை போகும். பேசவில்லை என்றால் மார்க் அப்படியே நிற்கும், பட்டியல் திங்கட்கிழமை பள்ளிகளுக்குப் போகும்.

வீட்டிலும் தனியாக இருக்கிற பிள்ளை பள்ளிக்கூடத்திலும் தனியாக உட்காரப் போகிறது. என் மனதில் வேறு எதுவும் ஓடவில்லை. ஒழுங்காகப் பேசி நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகளும் மறுபடி உட்கார வேண்டியிருக்குமே என்று அப்புறம்தான் உறைத்தது. ஆமாம், பேசி வைத்துத்தான் போட்டோம் என்றேன். எங்கே வைத்துப் பேசினீர்கள் என்றார். பஸ்ஸில், ஒரே சீட்டில் உட்கார்ந்து என்றேன். பொய்யிலாவது அந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

அரை மணி நேரம் கழித்து எங்கள் இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு வாக்குமூலங்கள். ரஹ்மத் டீச்சரும் பேசினோம் என்றே எழுதிக்கொடுத்திருந்தார். மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து, ஒரே டப்பாவில் சாப்பிடும்போது பேசினோமாம். நான் அவரைப் பார்க்கவில்லை, அவரும் என்னைப் பார்க்கவில்லை. அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "பேசினோம்கிறதுல ஒத்துப்போறீங்க. எங்க பேசினோம்கிறதுல ஒத்துப்போகலை. நான் முதல் பாதியை மட்டும் எழுதிக்கிறேன்."

தொலைபேசியில்

இருவருக்கும் வேலை போயிற்று. வீட்டுக்கு வந்து வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஒன்றரை மாதத்தைத் தள்ளினேன். ஒருநாள் சின்னமனூர் கடைவீதியில் யாழினி படிக்கிற பள்ளியின் தலைமை ஆசிரியரைப் பார்த்தேன். மறுசோதனை முடிந்துவிட்டதாம். மார்க்கைக் கேட்க எனக்கு உரிமை இல்லை, அவருக்கும் தெரியாது. யாழினி பட்டியலில் இல்லை என்பது மட்டும் தெரியுமாம். "ரெண்டு நிமிசம் முடிஞ்சு மணியடிச்சும் அந்தப் பிள்ள நிப்பாட்டல டீச்சர். புதுசா வந்த டீச்சருக எழுதுறத விட்டுட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தாக" என்றார்.

நடுவீதியில் நின்றே ரஹ்மத் டீச்சருக்குப் போன் போட்டேன். மூன்று வருடத்தில் முதல்முறையாக. அந்த எண்ணை மனப்பாடமாக வைத்திருந்தேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. தலைமை ஆசிரியர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். அந்தப் பக்கம் சத்தமில்லை. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. எனக்குக் கண்ணில் நீர் முட்டியிருந்தது. உங்களுக்கு எத்தனை பிள்ளைகள், சாப்பிட்டீர்களா, எப்போது வீட்டுக்கு வரலாம் என்று கேட்க நினைத்ததெல்லாம் உள்ளேயே வரிசையில் நின்றது. பேசாமல் இருந்தே பழகிய இரண்டு பேர், போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றோம். கடைசியில் அவர்தான் ஆரம்பித்தார்: "அப்பறம், வேற என்ன டீச்சர்?"

மூன்று வருடம் உண்மையாக இருந்து சம்பாதிக்காத ஒரு சிநேகிதியை ஒரே ஒரு பொய்யில் சம்பாதித்துவிட்டேன், இனிச் சேர்ந்து போவதற்குத்தான் ஒரு பள்ளிக்கூடமும் இல்லை.