அக்கா தேர்ந்தெடுத்த வெள்ளைக்குட்டி

என் ஓரகத்தி சவுரியம்மாளுக்குத் தெரியாத விஷயம் இந்த உலகத்திலேயே கிடையாது. இதை நான் சொல்லவில்லை, அவளே சொல்லுவாள். மண்பானை வாங்கப் போனால் கடையில் இருக்கிற பானை மொத்தத்தையும் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் கடைக்காரன் தன் வீட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பானையைத் தூக்கிக்கொண்டு வருவாள். மாடு பிடிக்க, விதைக்கு மல்லாட்டைக் கடலை வாங்க, பெண் பார்க்க, எதற்கும் ஊரில் அவளைத்தான் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். வீட்டில் பார்த்த இரண்டு மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, மாதா கோயில் திருவிழாவில் சப்பரம் தூக்கிக்கொண்டிருந்த தொம்மையைக் காட்டி, "அந்த ஆளு" என்று தன் அப்பாவிடம் சொன்னவள். அந்த ஆள் என் வீட்டுக்காரர் செபஸ்தியானுக்கு அண்ணன், எனக்கு மாமா; அவள் எனக்கு அக்கா.

நான் இந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவளைக் கிண்டல் பண்ணுவதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. அவளும் சும்மா விடமாட்டாள். "அற்புதமேரி, உன்னையும் நான்தாண்டி பாத்து எடுத்துகினு வந்தேன். அந்த ஒண்ணுலதான் கொஞ்சம் அசந்துட்டேன்" என்பாள்.

எங்கள் வீடு கிளியனூருக்குக் கொஞ்சம் முன்னால், பாண்டி ரோட்டை ஒட்டி இருக்கிறது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் அண்ணன் தம்பி இரண்டு பேர் வீடும், அந்தப் பக்கம் நிலமும் கிணறும். மாமாவிடம் துரை என்று ஒரு செவலை நாய் இருந்தது. அதையும் அக்காதான் தேர்ந்தெடுத்தாள் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. பெண்ணை விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீட்டில் மிச்சமிருந்த பிள்ளை துரைதான். மாமா மனிதர்களிடம் அதிகம் பேசமாட்டார். பேச வேண்டியதையெல்லாம் துரையிடமே பேசித் தீர்த்துவிடுவார். அவர் ஏர் ஓட்டினால் அது வரப்பில் கூடவே நடக்கும். "மழை வருமாடா?" என்று கேட்டால் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கும். அவர் கூப்பிட்டால் இரண்டாவது தடவை கூப்பிட வைக்காது, சோற்றில் வாய் வைத்திருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு ஓடும்.

எண்பத்தாறாம் வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் காலை. மாமா ரோட்டைக் கடந்து நிலத்துப் பக்கம் போய் நின்றுகொண்டு, வாசலில் படுத்திருந்த நாயைத் திரும்பிப் பார்த்து, "துரை, வாடா" என்றார். அது வந்தது. பாண்டிப் பக்கமிருந்து ஒரு லாரியும் வந்தது.

அதற்கு மேல் அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மாமாவே தூக்கிக்கொண்டு வந்து வேலியோரம் குழி வெட்டிப் புதைத்தார். கையைக் கழுவிக்கொண்டு, "இனிமே இந்த வாயால ஒரு நாயைக் கூப்பிட மாட்டேன்" என்றார். பிறகு கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான்.

முதலில் துக்கம் ஆறட்டும் என்று விட்டுவிட்டோம். கார்த்திகையும் வந்தது, மழை ஓய்ந்து நிலம் பதமாகவும் இருந்தது. மல்லாட்டை போட வேண்டிய நேரம். மாமா வாசல்வரைக்கும் வருவார். ரோட்டில் லாரி போகிற சத்தம் கேட்டதும் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்வார். அவருடைய நிலத்தையும் சேர்த்து என் வீட்டுக்காரர் உழுதார். அலுப்பில் ஒரு நாள், "ஒரு நாய் போனா வேற ஒரு நாயை வாங்கிக்கறது" என்று வாய்விட்டுவிட்டார். அக்கா பார்த்த பார்வையில் மனுஷன் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

மறுநாள் காலையில் அக்கா அதைத்தான் செய்யக் கிளம்பினாள்.

"இன்னாக்கா, நேத்து அந்த முறை முறைச்சீங்க?" என்றேன்.

"அவன் சொன்னா தப்பு, நான் செஞ்சா சரி" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆளு என் கண்ணு முன்னாடியே கரைஞ்சு போறாருடி. பேச்சும் இல்லை, சாப்பாடும் இல்லை. எப்படியாவது அவரை அந்த ரோட்டைத் தாண்ட வெக்கணும். தாண்டிட்டாருன்னா பொழைச்சுக்குவாரு."

கூட்டேரிப்பட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் கோதண்டபாணியின் நாய் குட்டி போட்டிருப்பதாகத் தகவல். திண்டிவனத்தில் பஸ் மாறி, விழுப்புரம் பஸ் ஏறிப் போய் இறங்கினோம். கடைக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களுக்குள் குட்டிகள் உருண்டுகொண்டிருந்தன. அக்கா புடவையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நல்ல குட்டி பார்க்க ஊரில் ஒரு முறை உண்டு. கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கினால் கத்தக் கூடாது. காலில் நகம் எண்ண வேண்டும், வாயைத் திறந்து அண்ணம் கறுப்பா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் அவள் செய்து முடித்தபோது இரண்டு குட்டிகள் மிஞ்சின. ஒன்று செவலை, அப்படியே துரையை உரித்து வைத்திருந்தது. இன்னொன்று மூக்கு நுனி தவிர முழுக்க வெள்ளை.

"செவலையை எடுத்துக்கலாங்க்கா, துரை மாதிரியே இருக்குது" என்றேன்.

"முகத்துக்கு எடுக்கக் கூடாது, குணத்துக்கு எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு, அங்கே கிடந்த இரும்புக் கம்பியை எடுத்தாள். சங்கிலியில் தொங்கிய லாரிச் சக்கரத்தின் வளையத்தில், குட்டிகளின் தலைக்கு நேர் மேலே, ஓங்கி ஓர் அடி அடித்தாள். எனக்கே காது அடைத்துக்கொண்டது. செவலை மூத்திரம் விட்டுக்கொண்டு டயருக்குள் பாய்ந்தது. மற்றவை போன இடம் தெரியவில்லை. வெள்ளைக்குட்டி மட்டும் நின்ற இடத்திலேயே நின்று ஓர் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கொட்டாவி விட்டது.

"பாத்தியா? பயம்னா இன்னான்னே இதுக்குத் தெரியலை" என்றாள் அக்கா.

"அது எப்பவும் அப்படித்தாம்மா. பக்கத்துல நின்னு லாரிக்காரன் ஹாரன் அடிச்சாலும் தூங்கும். நானே கடைக்கு வெச்சுக்கலாம்னு இருந்தேன்" என்றார் கோதண்டபாணி.

இதைக் கேட்ட பிறகு அக்கா விடுவாளா? குட்டி ஒயர் கூடைக்குள் ஏறிவிட்டது. திரும்பி வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் இருந்தவர்களுக்கு அதன் வீரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தாள். டிக்கெட் போட வந்த கண்டக்டர் திரும்பி வந்து இன்னொரு தடவையும் கேட்டுவிட்டுப் போனார்.

மாமா கூடையை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "எதுக்கு இது?" என்றார். "வீட்டுக்குக் காவல் வேணாமா?" என்றாள் அக்கா. "உன் நாய், நீ பாத்துக்கோ" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். குட்டி போய்க் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டது. அங்கேதான் நிழல். அவர் அதைத் தொடவும் இல்லை, விரட்டவும் இல்லை. கூப்பிடுகிற பேச்சே இல்லை.

சந்தேகம் முதலில் எனக்குத்தான் வந்தது. கேப்பைக் கூழ் வைத்துவிட்டு என்ன கூப்பிட்டாலும் அது திரும்பாது. தட்டை மூக்குக்கு முன்னால் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஒரு நாள் மேலே பரணிலிருந்து அலுமினிய அண்டாவை இறக்கும்போது கை நழுவிவிட்டது. கோழியெல்லாம் பறந்து கூரையில் ஏறின. மாமா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். கட்டிலுக்குக் கீழே குட்டி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

நான் அக்காவைக் கொல்லைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். "அது தைரியம் இல்லைக்கா. செவிடு" என்றேன்.

"போடி. நான் பாத்து எடுத்த குட்டியைக் குத்தம் சொல்றியா?" என்றாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

ஆனால் அன்றைக்கு மத்தியானமே மாட்டுக்கொட்டகை ஓரத்தில் அவளைப் பார்த்தேன். குட்டி முதுகைக் காட்டிக்கொண்டு துடைப்பத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. அக்கா கை தட்டினாள். நாக்கைத் தட்டிக் கூப்பிட்டாள். கரண்டியால் தட்டில் அடித்தாள். கடைசியில், "டேய்!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். குட்டி துடைப்பத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்வதற்காகக் காலையிலிருந்து காத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்லத் தோன்றவில்லை.

"துரைகிட்ட பேசின மாதிரி இன்னொண்ணுகிட்ட பேசுவாரு, பேசிகினே எழுந்துடுவாருன்னுதானேடி போனேன்" என்றாள். "காது கேக்காததைக் கொண்டாந்து அவர் கட்டிலுக்கு அடியில போட்டிருக்கேன்."

மறுநாள் காலையில் குட்டியைத் தூக்கி ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கோதண்டபாணியிடம் கொடுத்துவிட்டு வேறு குட்டி வாங்கி வருவதாக ஏற்பாடு. நானும் கிளம்பி நின்றேன். கட்டிலிலிருந்து மாமாவின் குரல் கேட்டது.

"எங்க எடுத்துகினு போற?"

குட்டி வந்த அன்றைக்குப் பிறகு அவராக எங்களிடம் கேட்ட கேள்வி அதுதான். அக்கா நின்றாள். ஏதாவது சமாளித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"திருப்பிக் குடுத்துட்டு வரப் போறேங்க. இதுக்குக் காது கேக்காது. நான் ஏமாந்துட்டேன்."

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. மாமா எழுந்து உட்கார்ந்தார்.

"கேக்காதுன்னா? கூப்பிட்டா வராதா?"

"இடி விழுந்தாலும் வராது."

"யாரு கூப்பிட்டாலுமா?"

"அந்தோணியாரே எறங்கி வந்து கூப்பிட்டாலும் வராது. விடுங்க, நான் வேற..."

அவர் கட்டிலை விட்டு இறங்கி வந்து கூடைக்குள் கையை விட்டார். குட்டியை எடுத்து முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அது அவர் தாடையை நக்கியது. சவரம் பண்ணாத தாடி அதற்குக் குத்தியிருக்க வேண்டும், தும்மியது.

"அப்ப நான் கூப்பிட்டு இது சாகாது" என்றார்.

சொல்லிவிட்டு அழுதார். துரையைப் புதைத்தபோதுகூட அழாத மனுஷன், குட்டியை மார்போடு வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். அக்கா அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நானும் அழுதேன். எனக்கென்ன, மனசு கல்லா?

"அப்ப இருக்கட்டுமா?" என்று அக்கா கேட்டாள்.

"இருக்கட்டும். அது நம்ம பின்னால வராது. நாமதான் அது பின்னால போவணும்."

தொட்டியில் முகம் கழுவினார். துண்டை உதறித் தோளில் போட்டார். குட்டியைக் கையில் இடுக்கிக்கொண்டு நேராக ரோட்டுக்குப் போனார். திண்டிவனம் போகிற பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. அக்கா என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. மாமா ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். டிரைவர் பிரேக் போட்டு, தலையை வெளியே நீட்டி, "இன்னா பெருசு, ஊர்வலமா?" என்றார். மாமா அவசரப்படவே இல்லை. நடு ரோட்டில் குட்டியை இன்னும் நன்றாக அணைத்துப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்.

நிலத்தில் இறக்கிவிட்டதும் குட்டி வரப்பு மேல் பிடித்தது ஓட்டம். கூப்பிட்டு நிறுத்த முடியாதே. மாமா துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஏர் ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் மாட்டை நிறுத்திவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

அதற்குப் பெயர் என்று ஒன்றும் அவர் வைக்கவில்லை. யாராவது கேட்டால், "பேரு எதுக்கு, கூப்பிடவா போறோம்?" என்பார். தரையில் காலை ஓங்கித் தட்டினால் அதிர்வு தெரிந்து அது திரும்பும் என்பதை அவரே கண்டுபிடித்தார். பேச்சு மட்டும் நிற்கவில்லை. துரையிடம் பேசியதைவிட அதிகமாகவே இதனிடம் பேசினார். கேட்கிறதா இல்லையா என்பதைப் பற்றி இரண்டு பேருமே கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அதெல்லாம் பிறகு. அன்றைக்குக் காலையில் நானும் அக்காவும் ரோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றிருந்தோம். அவர் குட்டியைப் பிடித்துவிட்டது தெரிந்ததும் அக்கா என் கையை விட்டாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"இனிமே யாராவது குட்டி பாக்கக் கூப்பிட்டா போவீங்களாக்கா?" என்றேன்.

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஏன் போவ மாட்டேன்? அங்க எத்தினி குட்டி இருந்துச்சு, நீ செவலையைத்தானே காட்டின? அந்த ஆளுக்கு எது வேணுமோ அதை எடுத்துகினு வந்தது யாரு?"

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் நிலத்துப் பக்கமிருந்து மாமாவின் குரல், ரோட்டைத் தாண்டி, நன்றாகக் கேட்டது. "சவுரி, பசிக்குது, சோறு எடுத்துகினு வா!"

"நீங்கதாங்க்கா" என்றேன். அவள் அதற்குள் அடுப்படிக்கு ஓடிவிட்டாள்.