அம்சவல்லி கொடுத்த புகார்

அம்சவல்லி பிறந்தது பிள்ளைப்பாக்கத்தில். கல்யாணத்துக்குப் பிறகு சில வருஷம் ஒரு கம்பெனி லைனில் நின்று வேலை பார்த்தாள். கான்ட்ராக்ட் முடிந்ததும் அவளை மறுபடி கூப்பிடவில்லை. அந்தக் கம்பெனி பஸ்கள் திரும்பும் முனையிலேயே ஒரு தள்ளுவண்டி போட்டு இட்லியும் பொங்கலும் விற்க ஆரம்பித்தாள். ஒரகடம் பெரிய ரோட்டிலிருந்து தொழிற்பேட்டைக்குள் பிரிகிற சாலை அது. ஷிப்டு முடிந்து வருகிறவர்களும் ஷிப்டுக்குப் போகிறவர்களும் ஒரே நேரத்தில் வந்து தட்டை நீட்டுவார்கள். யாருக்குக் கெட்டிச் சட்னி, யாருக்கு சாம்பாரை மேலே ஊற்ற வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குக் கேட்காமலே தெரியும். லேசில் குழம்புகிற ஆள் இல்லை.

போன ஐப்பசி மழையில் வண்டிக்கு நேர் எதிரே, சாலை நடுவில் பள்ளம் விழுந்தது. கன்டெய்னர் லாரிகள் ஏறி இறங்கி அதைப் பெரிதாக்கின. தண்ணீர் நின்றுவிட்டால் பள்ளம் இருப்பதே தெரியாது. ரோடு நனைந்திருக்கிற மாதிரிதான் இருக்கும்.

ஒரு காலையில் ஜாஸ்மின் அதில் விழுந்தாள். கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிற பெண், தினமும் இங்கே சாப்பிடுகிறவள். ஸ்கூட்டியின் முன்சக்கரம் உள்ளே இறங்க, அவள் பக்கவாட்டில் போய் விழுந்தாள். பின்னால் ஒரு லாரி. அம்சவல்லி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி, அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். லாரி கிறீச்சிட்டு நின்றபோது அதன் சக்கரத்துக்கு அடியில் ஜாஸ்மினின் சாப்பாட்டுப் பை இருந்தது. மணிக்கட்டு உடைந்ததோடு போயிற்று.

அம்சவல்லியின் வீட்டுக்காரர் ரகுபதி, கம்பெனியில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அன்று ராத்திரி அவரிடம் சொன்னாள்: "இத்த சும்மா வுடக் கூடாது. எழுதிக் குடுத்துட்டு வரேன்."

"யாருகிட்ட குடுப்ப?" என்றார் ரகுபதி.

இது ஒரு கேள்வியா என்று நினைத்தாள்.

பஞ்சாயத்து ஆபீசில் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அது பெரிய ரோட்டோடு சேர்ந்தது என்றார்கள். பெரிய ரோட்டு ஆபீசில் மேப் காட்டி, சிறுபாலம் வரைக்கும்தான் எங்களுடையது, அதற்கு அப்பால் தொழிற்பேட்டை என்றார்கள். தொழிற்பேட்டை ஆபீசில், எங்கள் எல்லை நுழைவு வளைவுக்கு உள்ளேதான் தொடங்குகிறது, நடுவில் இருக்கிற துண்டு பஞ்சாயத்து என்றார்கள். எல்லாருமே மரியாதையாகத்தான் பேசினார்கள். யாரைக் கோபித்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து பள்ளத்தின் ஓரத்தில் நின்று சிறுபாலத்தைப் பார்த்தாள், வளைவைப் பார்த்தாள். யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் இவ்வளவு லாரி எப்படிப் போகிறது?

புகார் எண்ணுக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"ரோடு பேரு சொல்லுங்கம்மா."

"கம்பெனி ரோடும்மா."

"எந்தக் கம்பெனி?"

"எல்லா கம்பெனியுந்தான்."

"சரி, பக்கத்துல அடையாளம் ஏதாவது?"

"என் கடைதான் கீது. அம்சவல்லி டிபன் கடை."

அந்தப் பெண் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. புகார் பதிவாகிவிட்டது என்றாள். அம்சவல்லிக்கு அன்றைக்குத்தான் நிம்மதி. வந்து சரிசெய்யும் வரைக்கும் யாரும் விழக் கூடாதே என்று உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் பள்ளத்துக்குள் நிறுத்தி, சிவப்புத் துணி கட்டிவைத்தாள்.

அடுத்த வாரம் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கிய அதிகாரி செல்போனைப் பார்த்துக்கொண்டே, "அம்சவல்லி டிபன் கடை இதுதானா?" என்றார்.

அவளுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. "ஆமா சார், வாங்க சார்."

"ரோட்டுல இடைஞ்சல்னு உங்க கடை மேல புகார் வந்திருக்கு."

"நான்தான் சார் குடுத்தேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்க கடை மேல நீங்களே குடுத்தீங்களா?"

"கடை மேல இல்ல சார், பள்ளத்து மேல. தோ, பாருங்க."

அவர் பார்த்தார். நாற்காலியையும் பார்த்தார். "இத யாரு வெச்சது?"

"நான்தான் சார்."

"அப்ப இடைஞ்சல்னு வந்தது சரியாத்தானே இருக்கு?"

கூட வந்தவர் டேப் பிடித்து வண்டிக்கும் ரோட்டுக்கும் இடையே அளந்தார். வண்டியைப் பின்னால் தள்ளிப் போட வேண்டும், நாற்காலியை எடுத்துவிட வேண்டும். "பள்ளம் எங்க டிபார்ட்மென்ட் இல்லம்மா. அதுக்குத் தனியா குடுங்க" என்றார் அதிகாரி. குரலில் கடுமை இல்லை. போகும்போது ஜீப் டிரைவர் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு ஓட்டினார்.

வண்டியைத் தள்ளிப் போட்ட மறுநாள் அவள் போனுக்கு மெசேஜ் வந்தது: தங்கள் புகார் தீர்க்கப்பட்டது.

கட்டுப்போட்ட கையோடு சாப்பிட வந்த ஜாஸ்மின் அதைப் படித்துக் காட்டினாள். "அக்கா, இன்னாக்கா இது? பள்ளம் அப்படியே கீதே."

"எனுக்கு இன்னா தெரியும்? நான் பேசுனதுல தப்பா, அவங்க கேட்டதுல தப்பா, ஒண்ணும் புரியல. பேசாம வுட்டுடலாமான்னு கீது."

"வுட்டா அடுத்த ஆளு விழும்க்கா. அன்னிக்கு நீ இல்லன்னா நான் போயிருப்பேன்." ஜாஸ்மின் இடது கையால் தன் போனை எடுத்தாள். "இந்தத் தடவை கடை பேரே வேணாம். கரண்டு கம்பத்து நம்பரு சொல்லுவோம்."

அதன் பிறகு சாப்பிட வந்தவர்களிடமெல்லாம், புகார் எண்ணுக்குப் போன் போடச் சொல்லி ஜாஸ்மின் கேட்டாள். பஸ் டிரைவர்கள் போட்டார்கள், செக்யூரிட்டி ஆட்கள் போட்டார்கள். சிலருக்கு மெசேஜ் வந்தது, சிலருக்கு வரவில்லை. ஒருவருக்கு, இது எங்கள் எல்லையில் இல்லை என்று வந்தது.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தார்க்கலவையோடு ஒரு டிப்பர் வந்தது. கூடவே சின்ன ரோலர். மேஸ்திரி இறங்கி, செல்போனையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அம்சவல்லி ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். போனில் இருந்த படத்தில் பள்ளத்துக்குப் பின்னால் ஒரு தண்ணீர் டேங்க்கும் தையல் கடையும் இருந்தன. இங்கே டேங்க்கும் இல்லை, தையல் கடையும் இல்லை.

"அண்ணே," என்றாள். சொல்லலாமா வேண்டாமா என்று அரை நிமிஷம் நின்றாள். "படத்துல கீறது எங்க பள்ளம் இல்லண்ணே. வேற இடம்."

மேஸ்திரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அனுப்புன லொகேஷன் இங்கதாம்மா காட்டுது. கலவை ஆறுது. போடவா, திரும்பிப் போவவா?"

"எந்த ஆபீஸ்லேந்து வரீங்க?"

"கான்ட்ராக்டர் சொன்னாரு, வந்தோம். மேல யாருன்னு எனுக்குத் தெரியாது."

அம்சவல்லி ரோட்டைப் பார்த்தாள். ஷிப்டு பஸ் ஒன்று பள்ளத்துக்காகத் திணறி ஒதுங்கியது. அதன் பின்னால் ஒரு ஸ்கூட்டி.

"போடுங்கண்ணே," என்றாள்.

ஜல்லி கொட்டி, தார் போட்டு, ரோலர் ஓட்டி, மதியத்துக்குள் முடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் கிளம்பும்போது, மேஸ்திரியிடம் அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி அம்சவல்லி வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஜாஸ்மின் குதித்துக்கொண்டு வந்தாள். "அக்கா, சாதிச்சுட்டோம்!"

அம்சவல்லி போனை நீட்டினாள். "இந்த டேங்க்கு எங்க கீதுன்னு தெரியுமா, பாரு."

ஜாஸ்மினுக்குத் தெரியவில்லை. வாலாஜாபாத் பக்கம் போல இருக்கிறது என்றார் ஒரு டிரைவர். இல்லை, அந்த டேங்க் வேறு நிறம் என்றார் இன்னொருவர்.

"உன் வேல முடிஞ்சுதுல்ல, அப்புறம் இன்னா?" என்று ரகுபதி சாயங்காலம் கேட்டார்.

"அங்கயும் ஒருத்தர் போன் பண்ணிக்கினு இருப்பாங்கல்ல?" என்றாள். "அவங்களுக்கும் தீர்ந்துபோச்சுன்னு மெசேஜ் போயிருக்குமா?"

ரகுபதி யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்றார். மறுநாள் காலை வண்டியில், புதிதாகச் சாப்பிட வந்த ஒரு லாரி டிரைவரிடம் இட்லித் தட்டோடு போனையும் நீட்டினாள் அம்சவல்லி.