எனாமல் தட்டுகளுக்கு நடுவே என் அண்ணன்

என் கல்யாணத்துக்கு அண்ணன் வரவில்லை. வரக் கூடாது என்று அப்பச்சி சொல்லிவிட்டார். பினாங்கில் கடையைப் பார்த்துக்கொள்ள அனுப்பிய பிள்ளை, கடையைப் போட்டுவிட்டு மூன்று பேரோடு கிதாரும் கையுமாகத் திரிந்தால் எந்தத் தகப்பனுக்குத்தான் கோபம் வராது? அன்றிலிருந்து வீட்டில் அவன் பேச்சை எடுத்தால் அப்பச்சி சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்துவிடுவார். ஆத்தாவும் நானும் வாயை மூடிக்கொண்டோம்.

அவனுக்குப் பதிலாக ஓர் இசைத்தட்டு வந்தது. கப்பலில் வந்த உறவினர் ஒருவர் அதை ஆத்தாவிடம் ரகசியமாகக் கொடுத்தார். "இதுல பாடுறது உங்க மகன்தான் ஆச்சி. புளூஸ் ராக்குன்னு வெள்ளக்காரப் பாட்டாம். அங்குட்டும் ஒருத்தரும் வாங்கலை" என்றார்.

உறையில் தலைமுடியை வளர்த்துக்கொண்டு நாலு பேர் நின்றார்கள். அதிலே மோசமாக நின்றவன் அண்ணன். படம்தான் காட்டிக்கொடுக்கும் என்று ஆத்தா உறையை அடுப்பில் போட்டாள். தட்டை மட்டும், எனக்குச் சீராக வைத்த எனாமல் தட்டுகளுக்கு நடுவே செருகிவிட்டாள்.

எங்கள் வழக்கம் தெரிந்தவள் செய்கிற காரியமா இது? சீர்ச்சாமானைக் கல்யாணத்தன்று பரப்பி வைப்பார்கள். ஊரே வந்து பார்க்கும். பிறகு மாப்பிள்ளை வீட்டு அறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அதில் ஒருவரும் சோறு தின்பதில்லை.

வாக்கப்பட்டுப் போன வலையபட்டியில் என் மாமியாரிடம் சாவி கேட்டேன். "சீர்ச்சாமானை எடுத்துப் பொழங்கினா, வீட்டுல தட்டு இல்லாதவுகன்னு ஊரு பேசும்" என்றார். எலி ஓடுகிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவரே விளக்குமாற்றோடு உள்ளே போய்விட்டு வந்து, எலி இல்லை என்றார். கணவரிடம் சொன்னேன். அம்மாவிடம் சாவி கேட்பதைவிட மறுபடியும் பரீட்சை எழுதலாம் என்றார். அண்ணன் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறான், அவன் குரலைக் கேட்க முடியவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. தட்டுகளின் மேலும் வந்தது, மாமியார் மேலும் வந்தது.

நாத்தனாருக்குக் கல்யாணம் கூடிவந்தபோது கையில் இரண்டு பிள்ளைகள் எனக்கு. என் எனாமல் தட்டுகளையே மகளுக்கும் பரப்பிவிடலாம் என்று மாமியார் முடிவெடுத்தார். இப்போது ஊர் பேசாதா என்று நான் கேட்கவில்லை. கதவு திறந்தால் போதும்.

இசைத்தட்டு அப்படியே இருந்தது. முந்தானையால் துடைத்தேன். வீட்டில் அதைப் போட்டுக் கேட்கக் கருவி இல்லை. கல்யாணத்துக்கு வந்த ரேடியோ செட்காரரிடம்தான் இருந்தது. மதியப் பந்தி முடிந்து எல்லாரும் கண்ணயர்ந்த நேரத்தில் அவரிடம் கொண்டுபோனேன்.

"எந்தப் படம் ஆச்சி?"

"படமில்லை. மெதுவா வைங்க, எனக்குக் கேட்டாப் போதும்."

"மெதுவா வைக்கலாம். ஆனா கொழாய்லதான் கேக்கும்."

ஒலிபெருக்கிக் குழாய் இரண்டும் முகப்பு மாடியில் ஊரைப் பார்த்துக் கட்டியிருந்தன. வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் முள்ளை வைத்துவிட்டார்.

கிதார் அறுபடுகிற மாதிரி அழுதது. அதற்கு மேலே அண்ணன் இங்கிலீஷில் ஒப்பாரி வைத்தான். சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்து யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாதஸ்வரக்காரர் மட்டும் காதில் கை வைத்து, நல்லாத்தான் இருக்கு என்று தலையை ஆட்டினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அப்போதுதான், சம்பந்தி முறைக்குக் கல்யாணத்துக்கு வந்திருந்த அப்பச்சியைப் பார்த்தேன். தூங்கப் போயிருப்பார் என்று நினைத்தவர் பந்தலில், கையில் சுண்ணாம்பு தடவிய வெற்றிலையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். பாட்டை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். செட்காரர் என்னைப் பார்க்கவில்லை. பாட்டு தானாக முடிகிறவரை அப்பச்சி வெற்றிலையை வாயில் போடவில்லை.

"இங்குட்டு வா" என்றார். போனேன். "யாரு பாடுறது?"

"தெரியலை அப்பச்சி."

"தெரியலையாம். கெணத்தடியில குளிக்கிறப்பயும் இப்பிடித்தான் கத்துவான்."

வெற்றிலையை மடித்து வாயில் வைத்தார். எழுந்து போவார் என்று நின்றேன். போகவில்லை.

"தட்டுக்கு ரெண்டு பக்கம் உண்டுல்ல?" என்றார். "திருப்பிப் போடச் சொல்லு."