காலி சீட்டுக்கு ஒரு பொன்னாடை

ஒரு பெண்ணின் பெயரில் போலிக் கணக்குத் தொடங்கி, பள்ளித் தோழன் ஒருவனின் வீடியோக்களுக்குக் கீழே குறை எழுதிக்கொண்டிருந்தவன் நான். அதுவும் ஐம்பத்திரண்டு வயதில். சத்தம் தெளிவாக இல்லை, சட்டை எடுப்பாக இல்லை என்றெல்லாம் எழுதுவேன். அவன் ஒவ்வொன்றுக்கும், "மாத்திக்கிடுறேன் அக்கா, ரொம்ப நன்றி" என்று பதில் போடுவான். அடுத்த வீடியோவில் சட்டை மாறியிருக்கும். வயிறு எரிகிறவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த வட்டாரத்தில் முப்பது வருஷமாகப் பட்டிமன்றம் பேசுகிறேன். நகைச்சுவைப் புத்தகங்கள் நாலு போட்டிருக்கிறேன். ருஷ்ய நாவல்களை முன்னுரை உட்பட வாசித்தவன். அவனோ எங்கள் இராஜபாளையத்திலேயே பேண்டேஜ் துணி ஆலை ஒன்றில் சூப்பர்வைசர். எந்தக் கடைப் பரோட்டா மெத்தென்று இருக்கிறது என்று செல்போனைப் பார்த்துப் பேசுவான், அவ்வளவுதான். நாங்கள் இருவரும் டீக்கடையில் நின்றால் ஜனங்கள் அவனோடு படம் எடுத்துக்கொள்வார்கள். எடுக்கச் சொல்லி போனை என்னிடம் நீட்டுவார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெண். அவளுடைய ஏழு வயது மகளுக்கு ஆட்டிசம். வாரத்தில் மூன்று நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள பயிற்சி மையத்துக்குக் குழந்தையை பஸ்ஸில் கூட்டிப்போவாள். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் சீட் கிடைத்தால் குழந்தை வழி முழுக்கக் கம்பியைத் தட்டிக்கொண்டே அமைதியாக வரும். கிடைக்காவிட்டால் அலறல். அலறினால் பஸ் முழுக்க ஆலோசனை: "ரெண்டு சாத்து சாத்தும்மா." "மந்திரிச்சுக் கயிறு கட்டு." "பிள்ள வளக்கத் தெரியலையே உனக்கு." கேட்டுக் கேட்டு, ஒருநாள் அவள் போவதையே நிறுத்திவிட்டாள். தாகம் எடுத்தால் தண்ணீர்ப் படம் போட்ட அட்டையை எடுத்துக் காட்டுவதற்குக் குழந்தை அப்போதுதான் பழகியிருந்தது. இடைவெளி விட்டால் அதுவும் மறந்துபோகும் என்று மையத்தில் சொன்னார்களாம். இதை அவள் என்னிடமும்தான் சொன்னாள். நான் ஐயோ பாவம் என்றேன். பத்திரிகைக்கு நான் எழுதும் மாதக் கட்டுரையில் அதை எப்படிச் சேர்க்கலாம் என்றும் யோசித்தேன்.

அவனிடமும் சொல்லியிருக்கிறாள். அவன் ஒரு வீடியோ போட்டான். குழந்தையின் முகம் இல்லை, பேர் இல்லை, தெரு இல்லை. போடுவதற்கு முன் அவளிடம் காட்டியிருக்கிறான். அவள் ஒரு வரியை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டான். "ஒன்பதேகால் வண்டில ஒரு பிள்ள வருது. அது சேட்டை பண்ணல. கூட்டமும் சத்தமும் அதுக்குக் காதுக்குள்ள மிக்ஸி ஓடுற மாதிரி. டிரைவர் பின்னாடி ஜன்னல் சீட்ட மட்டும் விட்ருங்க. பொறவு, யாரும் யோசனை சொல்லாதீங்க. அந்தம்மா அம்புட்டையும் கேட்டாச்சு." அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட இல்லை.

மறுவாரம் முதல் அந்த சீட் காலியாகவே கிடந்தது. அவளும் மறுபடி போக ஆரம்பித்தாள். வத்திராயிருப்பிலிருந்து ஒரு தகப்பனார், எங்கள் வண்டிக்கும் இப்படி ஒன்று சொல்ல முடியுமா என்று அவனுக்கு எழுதினாராம். எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

நானும் ஏதாவது செய்தாக வேண்டும். நாலு பேர் பார்க்கும்படி செய்ய வேண்டும். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கே பஸ் ஸ்டாண்டு போனேன். இந்த ஊரில் சீட் பிடிக்க வழி ஒன்றுதான், ஜன்னல் வழியாகத் துண்டு போடுவது. சாதாரணத் துண்டா போடுவேன்? பட்டிமன்றங்களில் போர்த்திய பொன்னாடைகள் பீரோ நிறையக் கிடக்கின்றன. அதில் நன்றாக ஜிகினா வைத்த சிவப்பு ஒன்றை எடுத்துப்போய், சீட்டை முழுக்க மூடுகிற மாதிரி விரித்துவிட்டு, வண்டியில் ஏறி அதன் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

பூக்கூடையோடு ஏறிய அம்மா ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அது பிள்ள சீட்டுல்லா? நீரு வீடியோ பாக்கலையா?"

"அந்தப் பிள்ளைக்குத்தாம்மா போட்டிருக்கேன்."

"சும்மாதான கெடக்கு. காலி சீட்டுக்கு எதுக்குத் துண்டு?"

அதற்குள் தாயும் மகளும் ஏறிவிட்டார்கள். குழந்தை சீட்டைப் பார்த்தது. பழைய பச்சை ரெக்சின் இருக்க வேண்டிய இடத்தில் என்னவோ சிவப்பாகப் பளபளத்தது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அலறத் தொடங்கியது.

நான் பொன்னாடையை உருவினேன். ஜிகினா உதிர்ந்து சீட்டெல்லாம் மின்னியது. பதற்றத்தில் வாய் மட்டும் பழகிய வழியில் போனது. "அன்பார்ந்த பயணிகளே, நடந்தது என்னவென்றால்..."

கண்டக்டர், "அண்ணாச்சி, செத்த நேரம் வாய மூடும்" என்றார்.

அந்தப் பெண் தோளில் பையை மாட்டினாள். இறங்கப் போகிறாள். இன்றைக்கு இறங்கினால் இனி ஏறமாட்டாள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அப்போதுதான் கவனித்தேன், வண்டியில் ஒருவரும் பேசவில்லை. பூக்கூடை அம்மா "ஏட்டி, பிள்ளைக்கு..." என்று ஆரம்பித்து, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். மீசைக்காரர் ஒருவர் ஜன்னலுக்கு வெளியே ஆப்பிள் வண்டியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் இன்ஜினை அணைத்தார். கண்டக்டர் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டார். புறப்படும் நேரம் தாண்டியும் ஒருவர்கூடக் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அவள் பையைக் கீழே வைத்தாள். குனிந்து, சேலைத் தலைப்பால் ஜிகினாவை ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தாள். ரொம்ப நேரம் ஆயிற்று. அலறல் முனகலாகி, முனகலும் நின்றது. குழந்தை எழுந்து வந்து ரெக்சினைத் தடவிப் பார்த்து, உட்கார்ந்து, கம்பியைத் தட்ட ஆரம்பித்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பொன்னாடையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு நின்றபடியே வந்தேன். முப்பது வருஷத்தில் கூட்டத்தைச் சிரிக்க வைத்திருக்கிறேன், கைதட்ட வைத்திருக்கிறேன். ஒரு கூட்டத்தையும் சும்மா இருக்க வைத்ததில்லை. அவன் ஒரு பஸ்ஸையே சும்மா இருக்க வைத்துவிட்டான், அதுவும் வண்டியில் இல்லாமலே. அன்றைக்குப் பட்ட பொறாமைக்கு முன் அதுவரை பட்டதெல்லாம் வெறும் ஒத்திகை.

இறங்கியதும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல அண்ணாச்சி, நல்ல மனசோடதான செஞ்சீங்க" என்றாள். அதைத் திருத்தும் தைரியம் எனக்கு வரவில்லை. நாலு எட்டு நடந்தவள் திரும்பி வந்தாள்.

"வெள்ளிக்கிழமையும் நாங்க வாரோம். நீங்களும் வாரீங்களாண்ணாச்சி?"

நெஞ்சு நிறைந்துவிட்டது. "கட்டாயம் வாரேம்மா. எதுக்குக் கேக்க?"

"ஒண்ணுமில்ல. நீங்க வாரதா இருந்தா, நாங்க அடுத்த வண்டில போயிருவோம்."